துப்பாக்கி ஜமாபந்தி

கருப்பையா அண்ணன் துப்பாக்கியைத் தன் கல்யாண வேட்டியில் சுற்றி எடுத்து வந்திருந்தார். மேஜைமேல் வைத்துப் பிரித்தபோது தேங்காயெண்ணெய் வாசனை அடித்தது. குழலைத் துடைத்து எண்ணெய் போட்டிருந்தார். கட்டையில் மூன்று கோடு விபூதி, நடுவில் ஒரு சந்தனப் பொட்டு.

அந்தமானில், வண்டூருக்கு உள்ளே தள்ளி, காட்டை ஒட்டிய ஒரு குடியேற்றக் கிராமம் அது. பள்ளிக்கூட வராந்தாவில் மேஜை போட்டு நான் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் தாசில்தார். அறுவடை முடிந்து காற்றில் வைக்கோல் வாசனை இருந்த நாள்கள். வரிசையில் பதினைந்து இருபது பேர், எல்லோர் கையிலும் துப்பாக்கி. வங்காளிகள், ராஞ்சிக்காரர்கள், இரண்டு தெலுங்கர்கள். துஷ்டி வீட்டுக்கு வந்தவர்கள்போல நின்றார்கள். கருப்பையா அண்ணன் முகத்தில் மட்டும் சிரிப்பு இருந்தது.

துப்பாக்கியோடு ஒரு மனுவும் கொண்டு வந்திருந்தார். ஓடையைக் கடக்க ஒரு பலகைப் பாலம் வேண்டுமென்று பள்ளிக்கூட மலையாள வாத்தியார் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்த மனு.

“இத இப்பவே குடுத்துறலாமா கிளார்க்குத் தம்பி, இல்ல சீலு வச்சப்பறமா?” என்று கேட்டார்.

துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொள்கிற இடத்துக்கு ஒரு மனிதர் ஏன் சந்தனம் வைத்து, மனு எழுதி, சலவை வேட்டி கட்டிக்கொண்டு வருகிறார்? அது என்னால் வந்தது. இந்தத் தொடரில் இதை எழுத வேண்டாம் என்று இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். தள்ளிப்போட்டும் அலுத்துவிட்டது. எழுதிவிடுகிறேன்.

மான் மேய்ந்த ஊர்

போர்ட் பிளேரில் ஓர் ஆபீசில் எனக்கு டெம்பரரி கிளார்க் வேலை. அறுபதுகளின் பிற்பகுதி. எந்த ஆபீஸ் என்று சொல்லி யாருக்கும் புண்ணியமில்லை. துப்பாக்கி லைசென்ஸ் மேஜை, குடியேற்ற நிலத்து மேஜை, இரண்டுக்கும் டைப் அடிக்கிறவன் நான். எங்கள் ஆபீசில் தமிழ் தெரிந்த ஆளும் நான் ஒருவன்தான். தமிழர் யாராவது படியேறினால், “மதராஸியைக் கூப்பிடு” என்பார்கள். நான் போய் நிற்பேன்.

அப்படித்தான் கருப்பையா அண்ணன் பழக்கமானார். ராமநாதபுரம் பக்கம். மழைக்கு வானத்தைப் பார்த்தே பாதி வயதைக் கழித்தவர். மெயின்லேண்டிலிருந்து குடியேற்றத்தில் வந்தவருக்கு ஐந்து ஏக்கர் தாழ்ந்த வயல் கொடுத்தார்கள். வருஷத்தில் ஏழு மாதம் மழை. “தண்ணி வேணாம் வேணாம்னு சொல்ற ஊரு தம்பி இது” என்று சிரிப்பார்.

தண்ணீர் இருந்தது, மண் இருந்தது. மான்தான் தொல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் வேட்டை ஆட வேண்டுமென்று மெயின்லேண்டிலிருந்து கொண்டுவந்து விட்ட புள்ளிமான். இங்கே புலி கிடையாது, சிறுத்தை கிடையாது. மான் பெருகியது. படத்தில் பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். பால் பிடிக்கிற நெல்லில் நாற்பது மான் இறங்கிப்போன வயலை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு எனக்கு மான் அழகாகத் தெரிந்ததில்லை.

அதனால் பயிர்க்காவலுக்கென்று சர்க்காரே துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுத்தது. அந்தக் கிராமத்தில் தமிழ் வீடு நாலு. அதில் கருப்பையா அண்ணன் வயல்தான் காட்டோரம், அவரிடம்தான் துப்பாக்கி. ஒற்றைக்குழல். பழசு.

ஞாயிற்றுக்கிழமைகளில் லாரி பிடித்து அவர் வீட்டுக்குப் போய்விடுவேன். அவர் மனைவி மீனாட்சி அக்கா மிளகு தூக்கலாகப் போட்டு மான்கறி வைப்பார். மெஸ் சாப்பாட்டில் செத்துக்கொண்டிருந்த நாக்கு அங்கேதான் பிழைத்தது. இதையும் சொல்லிவிட வேண்டும். அந்த வீட்டுச் சோற்றைத் தின்றவன் நான்.

உரிமையும் உரிமமும்

கொஞ்சம் விலகிப் போகிறேன்.

அந்த வருஷம் நான் டிபார்ட்மெண்ட் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அடிப்படை உரிமைகளை மனப்பாடம் செய்தேன். சொத்து வைத்துக்கொள்ளும் உரிமையும் அப்போது அந்த வரிசையில் இருந்தது. பிற்பாடு அதை வரிசையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று பேப்பரில் படித்தபோது, கூட்டத்தில் தெரிந்த முகம் ஒன்று காணாமல் போனதுபோல இருந்தது. அவ்வளவுதான். அதற்குள் எனக்கு நடுவயது வந்துவிட்டது.

கருப்பையா அண்ணன் தன் நிலத்துக் காகிதத்தை ஒரு தகரக் குழாயில் உருட்டி வைத்திருப்பார். “பட்டா” என்றுதான் சொல்வார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பிரித்து எனக்குக் காட்டினார். இங்கிலீஷில் இருந்தது. அது பட்டா இல்லை. பயிர் செய்துகொள்ளலாம், தரிசு போட்டால் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்கிற லைசென்ஸ். இந்தத் தீவுகளில் மண் சர்க்காருடையது. மனிதன் அதன்மேல் குடியிருக்க அனுமதி வாங்கியவன்.

“பட்டா சரியா இருக்கா தம்பி?” என்றார். “சரியா இருக்கு அண்ணே” என்றேன். சாப்பிட்டு முடித்த நேரம். அவர் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று நினைத்தேன்.

இப்போது லைசென்ஸுக்கு உரிமம் என்று தமிழில் நல்ல சொல் வந்துவிட்டது. உரிமை, உரிமம். பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கிறது. ஒன்று நம்மோடு பிறந்தது, இன்னொன்றை வருஷக் கடைசியில் புதுப்பிக்க வேண்டும். கருப்பையா அண்ணனிடம் இருந்த இரண்டும், துப்பாக்கியும் நிலமும், புதுப்பிக்கிற ஜாதி. அவர் இரண்டையும் மற்ற ஜாதி என்று நம்பிக்கொண்டிருந்தார்.

பந்தூக் ஜமா

முதல் தடவையாக நாங்கள் தீவுக்காரர்கள் ஓட்டுப் போடப்போகிறோம் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. ஓட்டு முடியும்வரை எல்லாத் துப்பாக்கியையும் வாங்கிப் போலீஸ் மால்கானாவில், சாமான் பூட்டிவைக்கிற அறையில், வைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது.

துப்பாக்கியை வாங்கி வைத்ததே அநியாயம் என்று வாதாட நான் வரவில்லை. வரப்புச் சண்டையில் குடித்துவிட்டு ஒருவன் இன்னொருவன் காலில் சுட்டதற்கு நானே ரிப்போர்ட் டைப் அடித்திருக்கிறேன். தேர்தல் நேரத்தில் துப்பாக்கி பூட்டில் இருப்பது நல்லதுதான். பூட்டியதைத் திறந்து கொடுக்கிற புத்தியும் இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆபீஸ் பியூன் கிராமம் கிராமமாகத் தப்பட்டை அடித்துக்கொண்டு, “பந்தூக் ஜமா கரோ, ஸப் லோக் பந்தூக் ஜமா” என்று கூவிக்கொண்டு போனான். இந்தியில் பந்தூக் என்றால் துப்பாக்கி, ஜமா என்றால் ஒப்படைத்து வைப்பது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது கருப்பையா அண்ணன் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“பந்தூக்கு ஜமாங்கிறானே, என்ன தம்பி அது? நம்ம ஊரு ஜமாபந்தி மாதிரியா?”

நம் பக்கத்து வாசகர்களுக்கு ஜமாபந்தியைச் சொல்ல வேண்டியதில்லை. வருஷத்துக்கு ஒருநாள் பெரிய அதிகாரி வந்து பந்தலில் உட்காருவார். கிராமத்துக் கணக்குப் புத்தகமெல்லாம் மேஜைக்கு வரும். பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து, திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஜனங்கள் மனு கொடுப்பார்கள். நல்ல சட்டை போட்டுக்கொண்டு போகிற நாள் அது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபத்து மூன்று வயதில் எதற்குத்தான் சிரிப்பு வராது. “ஆமாண்ணே, துப்பாக்கி ஜமாபந்தி” என்றேன்.

வேடிக்கைக்காகச் சொன்னேன். அவரும் சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சிரிக்கிறேன், அவர் விஷயம் தெளிந்துவிட்டது என்று சிரிக்கிறார் என்பது எனக்கு உறைக்கவில்லை. அன்று சாயங்காலம் மெஸ்ஸில் இரண்டு தமிழ் நண்பர்களிடம் இதைச் சொல்லி, அவர்களையும் சிரிக்க வைத்தேன். நல்ல சிலேடை என்று ஒருவன் முதுகில் தட்டினான்.

ஒரு சரி

பள்ளிக்கூட வராந்தாவுக்குத் திரும்புகிறேன்.

சந்தனப் பொட்டைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துபோயிற்று. அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். தாசில்தார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஜல்தி, ஜல்தி” என்றார். இன்னும் இரண்டு கிராமம் பாக்கி. லாரிக்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தான்.

துப்பாக்கியின் குழலில் நம்பர் எழுதிய அட்டையைக் கட்டினேன். லைசென்ஸ் புத்தகத்தை வாங்கி, துப்பாக்கி ஜமா என்று எழுதி ரப்பர் ஸ்டாம்ப் குத்தினேன். ஊதா மை. புத்தகத்தை அவர் கையிலேயே கொடுத்தேன். துப்பாக்கியைப் பின்னால் நின்ற போலீஸ்காரர் எடுத்துக்கொண்டார். கருப்பையா அண்ணன் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

“துப்பாக்கிய உள்ள கொண்டு போறாக?”

“ஓட்டு முடிஞ்சதும் குடுத்துருவாங்க அண்ணே. எல்லாருக்கும் அப்படித்தான்.”

“அது சரி. இந்தா சீலு வச்சாச்சுல்ல, இந்த வருசத்துக்கு லைசென்ஸு சரிதான?”

அந்த மாதக் கடைசியில் அவர் லைசென்ஸ் முடிகிறது. அதற்கு முன்னால் போர்ட் பிளேர் வந்து, தனியாக ஃபாரம் எழுதிக் கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும். எனக்கு அது தெரியும். என் மேஜை வேலையே அதுதான். ஆனால் அவர் கேட்டது காதில் பாதி விழுந்தது, பாதி ஹார்ன் சத்தத்தில் போயிற்று. அடுத்த ஆளின் துப்பாக்கி நம்பரை எழுதிக்கொண்டே, “சரி சரி, போய்ட்டு வாங்க” என்றேன்.

பாலத்து மனுவை மேஜைமேல் வைத்துவிட்டுக் கும்பிட்டுப் போனார்.

திரும்பி வராதது

ஓட்டு முடிந்தது. கருப்பையா அண்ணனும் மீனாட்சி அக்காவும் விரலில் மை வாங்கிக்கொண்டு வந்தார்கள். துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கிற நாள் வந்தது. வங்காளிகள் வாங்கிக்கொண்டு போனார்கள். ராஞ்சிக்காரர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். கருப்பையா அண்ணன் புத்தகத்தைப் பார்த்த போலீஸ்காரர் திருப்பி நீட்டினார். லைசென்ஸ் முடிந்துபோன ஆளிடம் துப்பாக்கி கொடுக்கக் கூடாது.

புதுப்பிக்கலாம் என்று எங்கள் ஆபீசுக்கு வந்தார். துப்பாக்கியைக் கொண்டுவந்து காட்டினால்தான் புதுப்பிக்க முடியும் என்று பெரிய கிளார்க் சொன்னார். துப்பாக்கியோ மால்கானாவில். மால்கானாவில் கேட்டால் லைசென்ஸைக் கொண்டு வா என்கிறார்கள். இரண்டு கட்டடத்துக்கும் நடுவே ஒரு ரோடுதான். அந்த ரோட்டை அவர் எத்தனை முறை குறுக்கே கடந்தார் என்பதை என் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கால தாமதத்தை மன்னிக்கச் சொல்லி ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். அது மேலே போனது. எங்கேயோ தங்கிவிட்டது.

மழை வந்தது. நட்டார்கள். மான் இறங்கியது. புருஷனும் பெண்டாட்டியும் பரண் கட்டி, மண்ணெண்ணெய் டின்னைத் தட்டிக்கொண்டு ஒரு போகம் முழுக்கக் காவல் இருந்தார்கள். முதலில் டின் சத்தத்துக்கு ஓடிய மான், பிறகு தலையை மட்டும் தூக்கிப் பார்த்தது. பிறகு அதுவும் இல்லை. களத்துக்கு வைக்கோல்கூடச் சரியாக வரவில்லை. அடுத்த வருஷம் பாதி வயலில் நட்டார். அதற்கடுத்த வருஷம் விதைக்கவில்லை. ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில் மூட்டை தூக்கப் போனார்.

அந்த நாள்களில் ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போவதை நான் நிறுத்தியிருந்தேன். வேலை ஜாஸ்தி என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

நிலத்து மேஜையிலிருந்து ஒருநாள் நோட்டீஸ் ஒன்று டைப்புக்கு வந்தது. வயலைத் தரிசு போட்டதால் ஒதுக்கீட்டை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று பதினைந்து நாளில் காரணம் சொல்ல வேண்டும். பெயரைப் பார்த்தேன். டைப் அடித்தேன். கார்பன் வைத்து மூன்று காப்பி.

விசாரணை

நிலம் போய்விட்டது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை உங்களை ஆவலில் வைத்திருக்க எனக்குத் தெம்பில்லை. போன நிலத்தை வேறொருவருக்கு ஒதுக்கினார்கள். அவர் பயிர்க்காவலுக்குத் துப்பாக்கி கேட்டார், பத்து நாளில் லைசென்ஸ் கிடைத்தது. அந்த ஃபைலும் என் மேஜை வழியாகத்தான் போனது.

விசாரணை நடந்த நாள் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

விசாரித்த அதிகாரி நல்ல மனிதர். மெயின்லேண்டிலிருந்து புதிதாக வந்தவர், நிலம், துப்பாக்கி இரண்டு ஃபைலையும் வரவழைத்துப் படித்திருந்தார். கருப்பையா அண்ணனை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவர் நின்றுகொண்டே இருந்தார். மீனாட்சி அக்கா கதவுக்கு வெளியே. நடுவில் நான், மொழிபெயர்க்க.

“வயலை ஏன் தரிசு போட்டாய் என்று கேள்” என்றார் அதிகாரி.

“மானு தின்னுருச்சு சாமி. துப்பாக்கி இருந்தா தின்னுருக்காது.”

சொன்னேன்.

“லைசென்ஸை ஏன் புதுப்பிக்கவில்லை?”

“சீலு வச்சாகளே, அதுதான் புதுப்பிச்சதுன்னு இருந்துட்டேன். எங்கூர்ல ஜமாபந்தியில சீலு வச்சா அந்த வருசத்துக்கு முடிஞ்சுபோச்சு.”

ஜமாபந்தி என்கிற சொல் என் வாயிலிருந்து இங்கிலீஷாக வெளியே வர நேரம் பிடித்தது. அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டு மெதுவாகப் பேசினார். அவர் சொன்னது இது: “அந்த சீல் போதும் என்று சர்க்கார் ஆள் யாராவது சொன்னார்களா? சொல்லியிருந்தால் தவறு எங்களுடையது. அதை எழுதி நான் மேலே அனுப்பினால் தாமதத்தை மன்னிப்பார்கள். துப்பாக்கியும் திரும்பும், நிலத்தை ரத்து செய்வதையும் நிறுத்தலாம். யார் சொன்னது என்று கேள்.”

நான் கேட்க வேண்டும். தமிழில், என் வாயால், அவரைப் பார்த்து, யார் சொன்னது என்று.

என் வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது. ஊரில் பெண் பார்த்து வைத்திருந்தார்கள். சார், சொன்னது நான்தான் என்று ஒரு வரி சொல்ல வாய் வந்திருந்தால் போதும். வரவில்லை. பயம். இதற்கு வேறு பெயர் வைக்க இந்த வயதில் எனக்கு விருப்பமில்லை.

“சீல் போதும்னு யார் சொன்னாங்கன்னு கேக்கறாரு அண்ணே. பேர் சொன்னா உங்களுக்கு நிலம் கிடைக்கும்ங்கறாரு” என்றேன். அதையாவது ஒளிக்காமல் சொன்னேன்.

கருப்பையா அண்ணன் என்னைப் பார்த்தார். அதிக நேரம் பார்க்கவில்லை. தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“யாரும் சொல்லல சாமி. நானா நெனச்சுக்கிட்டேன். எனக்கு இந்தி வராது.”

அதிகாரி காத்துக்கொண்டிருந்தார். நான் இங்கிலீஷில் சொன்னேன். அவரிடம் யாரும் சொல்லவில்லையாம், அவராகவே நினைத்துக்கொண்டாராம், அவருக்கு இந்தி தெரியாதாம். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. அதிகாரி பேனாவை எடுத்து எழுதினார்.

மனு

வெளியே வராந்தாவில் வந்து நின்றோம். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “ஏன் அண்ணே என் பேரைச் சொல்லல?” என்று கேட்டேன். அவர் பீடியைத் தேடிக்கொண்டிருந்தார். மீனாட்சி அக்காதான் பதில் சொன்னார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“உங்களச் சொன்னா உங்கள வேலைய விட்டு எடுத்துருவாக தம்பி. அப்பறம் இந்த ஆபீசுல நாங்க பேசுறது வெளங்க யாரு இருக்கா? நாளைக்கே ரேசன் கார்டுன்னு வருவோம், ஆசுபத்திரிச் சீட்டுன்னு வருவோம். யார்கிட்ட போயி நிக்கிறது?”

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

“இப்ப மேல உள்ளவுகளுக்கு ஒரு மனு எழுதிக் குடுங்க. நிலத்த எடுக்க வேணாம்னு. நீங்க எழுதுனா நல்லாருக்கும்” என்றார்.

உள்ளே போய் ஒரு தாள் எடுத்து வந்து, வராந்தாச் சுவர்மேல் வைத்து எழுதினேன். மனு எப்படி எழுத வேண்டும் என்பது எனக்குத் தெரியும். சர்க்கார் தவறு செய்தது என்று தொடங்குகிற மனுவை யாரும் இரண்டாவது வரி படிக்க மாட்டார்கள். ஆகவே, மொழி தெரியாத எங்கள் அறியாமையால் நேர்ந்த பிழையைத் தயவுசெய்து மன்னித்து, என்று தொடங்கினேன். இங்கிலீஷில் எழுதி முடித்து, தமிழில் நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினேன். ‘எங்கள் அறியாமையால்’ என்ற இடத்தை விழுங்கிவிட்டேன். திரும்பவும் அதைப் படித்தேன்.

கருப்பையா அண்ணன் தலையை ஆட்டிக் கேட்டார். “நல்லா எழுதியிருக்கீக தம்பி” என்றார். இடது கைக் கட்டைவிரலை வேட்டியில் துடைத்துவிட்டு நீட்டினார். என் மேஜையிலிருந்து ஸ்டாம்ப் பேடைக் கொண்டு வந்து, அவர் விரலைப் பிடித்து, அந்த வரிக்குக் கீழே நான்தான் ஒற்றினேன்.